அறுபத்து நாலாவது துண்டு

டெய்லரம்மா அளவெடுக்க அங்குல டேப்பைத் தேடுவது அபூர்வம். வந்தவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தால் போதும். தோள் இத்தனை, கை இத்தனை என்று மனசுக்குள் குறித்துக்கொள்வாள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனாலும் அவள் எழுதும் எண்கள் அச்சடித்தது போலிருக்கும். வெட்டிய துணி ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு எண், எந்தப் பக்கம் மேலே என்று காட்ட ஓர் அம்புக்குறி. நாற்பது வருஷத்தில் ஒரு கையை இடம் மாற்றித் தைத்தாள் என்று யாரும் சொன்னதில்லை.

அவள் கணவர் தொலைபேசி நிலையத்தில் மெக்கானிக். கொடுத்த வேலையை ஒழுங்காகப் பார்ப்பார், யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அங்கே கழித்துப்போட்ட சாமான்களைக் கேட்டு வாங்கிவந்து, பின்னறையில் ஒரு பெட்டி செய்தார். நிறையத் திருகாணி, நிறைய வயர். ஒன்றைத் திருகினால் விசில் மாதிரி வரும், இன்னொன்றைத் திருகினால் மேடேறும் லாரி மாதிரி ஓர் உறுமல். அந்தச் சத்தங்களை ஒலிப்பதிவு டேப்பில் பிடிப்பார். டேப்பை பிளேடால் துண்டு துண்டாக வெட்டுவார். வேறு வரிசையில் ஒட்டுவார். ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். அதுதான் இசை என்பார். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது.

சுவருக்கு ஒரு பக்கம்தானே அது கேட்கும் என்று நினைக்கக்கூடாது.

"என்ன டெய்லரம்மா, நேத்து உங்க வீட்டுக்காரர் எந்தப் பூனையப் பிடிச்சு வாலைத் திருகினாரு?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்பாள்.

"உங்க வீட்டுப் பூனையத்தான். நல்லாவே பாடிச்சு," என்பாள் இவள், ஊசியில் நூல் கோத்தபடி.

வெளியே அப்படி விட்டுக்கொடுக்காமல் பேசினாலும், அந்தச் சத்தம் அவளுக்கும் பிடிபடவில்லை. வெட்டுவதும் ஒட்டுவதும் மட்டும் நன்றாகப் பிடிபட்டது. அவர் ஒட்டிய இடங்களில் எல்லாம் 'டக்' 'டக்' என்று ஓர் இடி விழும். அதோடு அவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஒருநாள் இவள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னங்க, நேரா வெட்டி நேரா ஒட்டினா மூட்டு தெரியத்தானே செய்யும்? சாய்ச்சு வெட்டிப் பாருங்களேன். நாங்க துணிப் பட்டி ரெண்டைச் சேர்த்துத் தைக்கிறப்ப அப்படித்தான் செய்வோம்."

சாய்த்து வெட்டினார். ஒட்டினார். ஓடவிட்டார். டக் இல்லை.

"அடியம்மா! இத்தனை நாளா எங்கதான் இருந்த நீ?"

"அடுத்த ரூம்லதான். உங்க சட்டைக்குப் பட்டன் வெச்சுக்கிட்டு."

அன்றிலிருந்து பிளேடு அவள் கைக்கு வந்தது. அவர் சொல்லுவார், இவள் வெட்டுவாள். துணிக்குப் போடுகிற மாதிரியே ஒவ்வொரு டேப் துண்டின் முதுகிலும் பென்சிலால் ஓர் எண், ஓர் அம்புக்குறி. அவர்கள் சந்தோஷமாக இருந்த காலம் அது. பாப்பா பிறந்ததும் அந்த அறைக்கு அடுத்த அறையில்தான். தவழ ஆரம்பித்ததும் நேராகத் திருகாணிகளிடம்தான் போனாள். திருகிவிட்டு, வந்த சத்தத்துக்குத் தானே பயந்து ஓடிவருவாள்.

ஏழு வயசில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். ஆண்டவன் கொடுத்தார், ஆண்டவன் எடுத்துக்கொண்டார் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். அவள் நம்பிக்கை அறுந்துபோகவில்லை. ஆனால் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது. மடியில் தலை வைத்துப் படுக்க ஆள் இருந்தபோது கைக்கு ஒரு வேலை இருந்தது.

இரண்டு வருஷம் பின்னறை பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கதவைத் திறந்தார்.

"பெரிசா ஒண்ணு செய்யப்போறேன். கடைசியா ஒண்ணு. வெட்டித் தருவியா?"

பதினோரு மாதம் வெட்டினாள். மொத்தம் நூற்றுப் பதினேழு துண்டு. அவர் ஒரு நோட்டில் கோடும் சுழியுமாகக் கிறுக்கி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து வரிசை சொன்னார். அறுபத்து மூன்று துண்டு வரைக்கும் ஒரே இரைச்சல். அறுபத்து நாலாவதைக் கையில் கொடுப்பதற்கு முன் ஓடவிட்டுக் காட்டினார்.

"அம்மா, நான் வந்துட்டேன்!"

பாப்பா. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் தள்ளிக்கொண்டு கூப்பிடுவாளே, அதே குரல். மெஷினைச் சோதிக்கிறேன் என்று எப்போதோ ஒருநாள் ஓடவிட்டிருந்தாராம், தானாகப் பதிவாகியிருக்கிறது. வேறு எந்தத் திருகலும் முறுக்கலும் இல்லாமல், நூற்றுப் பதினேழில் அந்த ஒன்று மட்டும் இருந்தபடியே இருந்தது.

"இது நடுவுல வரணும்," என்றார். "அத்தனை சத்தமும் இதுக்காகத்தான்."

இவள் வாங்கிக்கொண்டாள். எண் போட்டாள், அம்புக்குறி போட்டாள். ஆனால் மனசில் ஓர் எண்ணம் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்றது. முன்பின் தெரியாதவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இதைக் கேட்பார்கள். பூனை என்று சிரித்தவர்கள் இதற்கும் சிரிப்பார்கள். நூற்றுப் பதினேழும் ஒட்டி முடிந்த மறுநாள், அவர் வேலைக்குப் போனதும், ஒட்டியதைப் பிரித்து அறுபத்து நாலை எடுத்தாள். அறுபத்து மூன்றையும் அறுபத்து ஐந்தையும் சாய்வாக ஒட்டினாள். டக் கேட்காது. அது அவளே கண்டுபிடித்த வித்தைதானே. எடுத்த துண்டு, பதினாறு அங்குலம், பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் போனது. ஒரு முனையை மடித்து அட்டையோடு குண்டூசியால் குத்தி வைத்தாள்.

ஒரு சின்ன அரங்கத்தில் அதை ஓடவிட்டார்கள். ஆரம்பத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பாதியில் நாற்காலிகள் நகர்ந்தன. பின்வரிசையில் யாரோ விசிலடித்தான், சிரிப்பு எழுந்தது. அந்த இடம் வந்தது, போனது. முன்வரிசையிலிருந்து அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது ஏதாவது கேட்பார் என்று அடிக்கு அடி எதிர்பார்த்தாள்.

"பசிக்குதா உனக்கு?" என்றுதான் கேட்டார்.

அதற்கப்புறம் அவர் எதையும் செய்யவில்லை. மெஷினை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். டேப் சுருள், அவருடைய நோட்டோடு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கித் தையல் மெஷினுக்குக் கீழே போனது. நான்தான் நடுமுதுகெலும்பை உருவிவிட்டேன், அதனால்தான் எல்லாரும் சிரித்தார்கள், அதனால்தான் இவர் ஓய்ந்துபோனார் என்று அவள் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைத்தாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போனது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அவளுக்கு மிஞ்சியது அந்தத் துண்டு. தினமும் காலையில் புத்தகத்தைத் திறப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, குண்டூசிப் பக்கத்திலிருந்து மறுமுனை வரைக்கும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெதுவாக வருடிக்கொண்டே பிரார்த்தனை செய்வாள். கேட்க முடியாதுதான். அதற்கு மெஷின் வேண்டும். ஆனால் குரல் விரலுக்கடியில் இருக்கிறதே, அது போதும். முடித்துக் கண்ணைத் திறக்கும்போது விரல் நுனியில் லேசாகப் பழுப்பு ஒட்டியிருக்கும். புத்தகத் தூசி என்று துணியில் துடைத்துக்கொள்வாள். முப்பத்து நாலு வருஷமாக ஒருநாள் தவறியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒலிக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயசிருக்கும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் செஞ்சதுல சின்னச் சின்னதா மூணு, அவர்கூட வேலை பார்த்தவர் வீட்ல கிடைச்சுது. கேட்டவங்க எல்லாரும் யாரு இவரு, யாரு இவருன்னு கேக்குறாங்க. பெரிசா ஒண்ணு செஞ்சாராமே? அது எங்கம்மா?"

"கேட்டுட்டுச் சிரிச்சாங்களா?"

"சிரிக்கவா? ஒருத்தர் அழுதாரும்மா."

டெய்லரம்மா டின்னை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் அந்தப் பெண்ணிடமிருந்து போன். டின்னைத் திறந்ததும் ஒட்டுகள் எல்லாம் விட்டுப்போயிருந்தனவாம். பசை காய்ந்து பொடிப்பொடியாகி, சுருள் முழுக்கத் துண்டு துண்டாகக் கொட்டிவிட்டதாம். நோட்டில் உள்ள கிறுக்கல் யாருக்கும் புரியவில்லை. ஆனால் முதுகில் பென்சிலால் ஏதோ எண்கள்...

"அது நான் போட்டதுதான். வரேன்," என்றாள்.

காப்பகம் ஒரு பெரிய கட்டிடத்தின் மூன்றாம் மாடி. நீளமான மேசை, வெள்ளைத் துணி விரித்திருந்தது. பழைய டேப் மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு மெஷின்காரர். வயசானவர், காதில் பஞ்சு.

"காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுச் சத்தக் கடையில வேலை பாக்குறீங்களே," என்றாள் இவள்.

"உங்க வீட்டுக்காரரோட அந்த மூணையும் கேட்டதுலேர்ந்துதாம்மா," என்றார் அவர். மூவரும் சிரித்தார்கள். அங்கே அவள் சிரித்தது அது ஒருமுறைதான்.

நாலு நாள் ஆனது. வெட்டிய துணியைத் தைக்கக் கோப்பது போல, அவள் எண் பார்த்து அடுக்க அடுக்க, மெஷின்காரர் புதுப் பசைநாடா போட்டு ஒட்டிக்கொண்டே வந்தார். நாலாம் நாள் நூற்றுப் பதினேழு வரை ஒட்டி முடிந்ததும், முதலிலிருந்து எண்களைச் சரிபார்த்தார்கள். அறுபத்து மூன்று வந்தது. அடுத்தது அறுபத்து ஐந்து.

"அறுபத்து நாலு இல்லையேம்மா," என்றாள் காப்பகத்துப் பெண். நோட்டைப் புரட்டினாள். "இருங்க, இதுல அந்த இடத்துல மட்டும் எழுத்தால எழுதியிருக்காரு. நோட்டு முழுக்கவே இது ஒண்ணுதான் எழுத்து. 'அவளிடம் இருக்கிறது. இருக்கட்டும்.' அவளிடம்னா யாரும்மா? யார்கிட்டயாவது கொடுத்தாரா?"

டெய்லரம்மா மேசைத் துணியில் இல்லாத சுருக்கத்தை நீவினாள்.

"தெரியலையே," என்றாள்.

வாழ்நாளில் வாடிக்கையாளரிடம்கூடப் பொய் சொல்லாதவள். வீட்டுக்கு வந்து தையல் மெஷின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அரங்கத்திலேயே தெரிந்திருக்கிறது. இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில், ஒரே தட்டைக் கழுவிச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்கவில்லையே இந்த மனுஷன். இருக்கட்டும் என்று எழுதிவிட்டாரே. அவரே விட்டுக்கொடுத்த பிறகு இது என்னுடையதுதானே என்று ஒரு மனசு சொன்னது. அத்தனை சத்தமும் இதுக்காகத்தான் என்றாரே என்று இன்னொரு மனசு சொன்னது. கொடுத்தால், காலையில் விரலுக்கு எதுவும் இருக்காது. கொடுக்காவிட்டால், அவர் செய்தது என்றைக்கும் நொண்டிதான். வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். ஆண்டவனிடம் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. இதற்குக்கூடவா பதில் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் காலை, பிரார்த்தனைப் புத்தகத்தோடு காப்பகத்து மாடியேறினாள். குண்டூசியை அவளே உருவினாள்.

"அவளிடம்னு எழுதினது என்னைத்தான். நேத்து பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. இது என் பொண்ணு குரல். அம்மா நான் வந்துட்டேன்னு சொல்லுவா. முப்பத்து நாலு வருஷம் ஆச்சு நான் கேட்டு. ஒருதடவ போடுங்க."

மெஷின்காரர் துண்டைக் கையில் வாங்கினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மற்றத் துண்டுகள் எல்லாம் காபிக் கொட்டை நிறத்தில் இருந்தன. இது வழியாக ஜன்னல் தெரிந்தது.

"அம்மா... இதை அடிக்கடி தொடுவீங்களா?"

"தினமும். இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பிரார்த்தனை."

அவர் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். எப்படிச் சொல்வது என்று காப்பகத்துப் பெண்ணைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்: "குரல் அந்தப் பழுப்புப் பூச்சுலதாம்மா இருக்கும். அது உதிர்ந்துபோச்சு."

டெய்லரம்மா தன் விரல்களைப் பார்த்தாள். துணியில் துடைத்துத் துடைத்துப் போட்டதெல்லாம் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. அழவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"இருந்தாலும் போடுங்க."

போட்டார். குண்டூசிக்கு அடியில் மடிந்திருந்த முனையில் மட்டும் இரண்டு அங்குலம் விரல் படாமல் தப்பியிருந்தது. அதிலிருந்து ஒரு சின்ன மூச்சு வந்தது. ஓடிவந்த குழந்தை கூப்பிடுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. அப்புறம் ஒன்றுமில்லை. உஸ்ஸென்று டேப் ஓடியது, நின்றது.

கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவே இல்லை.

மெஷின்காரர் துண்டைக் கழற்றி மேசையில் வைத்தார். கடைசியில் காப்பகத்துப் பெண் மெல்ல ஆரம்பித்தாள். "அம்மா, வேற ஒரு குழந்தையச் சொல்லச் சொல்லி அந்த இடத்துல வெக்கலாம். இல்லன்னா இந்தத் துண்டை விட்டுட்டு..."

"வேற குழந்தை வேண்டாம்மா. விடவும் வேண்டாம். ஒருதடவ விட்டது போதும்."

பிளேடைக் கேட்டு வாங்கினாள். அறுபத்து மூன்றின் ஓரத்தையும் அறுபத்து ஐந்தின் ஓரத்தையும் அவளே சாய்த்துச் சீவினாள். நடுவில் வெளிறிப்போன துண்டை அம்புக்குறி பார்த்து வைத்து, பசைநாடாவை ஒட்டி நகத்தால் நீவினாள். முழுவதையும் ஓடவிட்டார்கள். உறுமல், விசில், இரைச்சல், எல்லாம் ஏறி ஏறி வந்து, அந்த இடத்தில் சட்டென்று அடங்கியது. ஒரு மூச்சு. அமைதி. டக் இல்லை. பிறகு அறுபத்து ஐந்து தொடங்கியது. காப்பகத்துப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெஷின்காரர் அட்டையை எடுத்துத் துண்டுகளின் விவரத்தை வரிசையாக எழுத ஆரம்பித்தார். அந்த இடம் வந்ததும் பேனா நின்றது.

"இதுக்கு என்னம்மா எழுத? காலின்னு போட்டுடவா?"

"காலின்னு போடாதீங்க," என்றாள் டெய்லரம்மா. மூடிய பிரார்த்தனைப் புத்தகத்தின்மேல் அவள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று மெதுவாக உரசிக்கொண்டிருந்தன. "அறுபத்து நாலுன்னு போடுங்க."