இரண்டு பக்கமும் அறுத்த கார்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவள் குடியிருக்கும் தெருமுனை வரைக்கும் எல்லோருக்கும் அவள் ‘சைரன்’. ஆம்புலன்ஸ் ஓட்டியதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். வண்டியின் சைரன் ரிப்பேராகிக் கிடந்த ஒரு நாளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாயாலேயே கத்தி, சந்தை நெரிசலைப் பிளந்து, ஒரு பிரசவக் கேஸை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள். பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. கத்தல் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

மூக்குக்கு மேல் வருகிற கோபம். ஆனால் அந்த வேலையில் கோபத்துக்கும் ஒரு பயன் இருந்தது. வழிவிடாத லாரி, நடுரோட்டில் நின்று போன் பேசுகிற பைக், ஸ்ட்ரெச்சர் போகிற வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. திட்டு வாங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார்கள். பின்னால் படுத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

பிறகு ஒரு புது மேற்பார்வையாளர் வந்தார். மழமழவென்று மழித்த, சிரித்த முகம், கழுத்தில் அட்டை. அவளைக் கூப்பிட்டு, “அக்கா, வயசாயிடுச்சு உங்களுக்கு. இனிமே போன் ரூம் பாத்துக்குங்க. ஏசி இருக்கு” என்றார்.

“நான் என்ன காய்கறியா, வாடாம வைக்கிறதுக்கு?” என்று அவள் கேட்டாள். சாவியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

அதிலிருந்து காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டுகிற வண்டிக்கு வழி சொல்வதுதான் வேலை. “இடது பக்கம் திரும்பச் சொன்னேன், எந்தக் கைல சோறு திங்கிற?” என்று அவள் கத்துவது நடைபாதை வரை கேட்கும். அந்தக் கோபத்தால் யாரும் எங்கும் சீக்கிரம் போய்ச் சேரவில்லை. அது அவளைத்தான் அரித்தது.

கார் அப்போதுதான் வந்தது. ஓய்வுபெற்ற கண் டாக்டர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, இரும்புக் கூரை கிடையாது. வேண்டும்போது மாட்டிக்கொள்ள ஒரு துணிக் கூரை, அதுவும் மட்கிப்போய்த் தொங்கியது. டாக்டரின் மனைவி, “எடுத்துட்டுப் போம்மா. பூனை குட்டி போடத்தான் ஆகுது” என்று சாவியைக் கையில் வைத்தார். சாவி கையில் பட்டதும் சைரனுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

பழைய கார்களுக்கென்று ஒரு ராலி நடப்பதைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். மலைப்பாதையும் சரளைக்கல் பாதையும் கலந்த இரண்டு நாள் ஓட்டம். முந்துகிறவர் ஜெயிப்பதில்லை. பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் இருக்க வேண்டும். பிந்தினாலும் குற்றம், முந்தினாலும் குற்றம். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் ஒருவர் வரைபடத்தையும் கடிகாரத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். இதைவிடத் தனக்குத் தைத்த சட்டை வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பெயரைக் கொடுத்தாள். மேற்பார்வையாளரின் மேசை முன் போய் நின்று, “வந்து பாருங்க தம்பி, வயசானவ எப்படி ஓட்டுறான்னு” என்று சொல்லிவிட்டும் வந்தாள். அந்தத் தொடக்கக் கோட்டில் ஸ்டியரிங் பிடித்து உட்கார வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக அவள் யாரையும் உண்டு இல்லை என்று ஆக்கத் தயாராக இருந்தாள்.

கடிகாரம் பார்க்கிற இருக்கை கணவருக்கு. அவர் தையற்காரர். இருக்கைகளுக்குத் தோலும், மேலே துணிக் கூரையும் தைப்பது அவர் பொறுப்பு. கார் தகடு வேலை அவள் தம்பியின் பொறுப்பு. பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி அவனுக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. இடித்து நசுங்கி வருகிற கார்களைத் தட்டி, ஒட்டி, பூசி, பிறந்த மேனிக்குக் கொண்டுவருவதில் கெட்டிக்காரன். எதிரே டயர் கடை. அந்தக் கடைக்காரருக்கு டயர் விற்பது பொழுதுபோக்கு. பட்டறையில் நடப்பதை வேடிக்கை பார்ப்பதுதான் தொழில்.

மாதக்கணக்கில் வேலை நடந்தது. காரின் அடியில் கல்லடி தாங்கத் தடித்த தகடு போட்டார்கள். முன்னால் கூடுதல் விளக்குகள், எஞ்சின் மூடியை இறுக்கிப் பிடிக்கத் தோல்பட்டை. சைரன் தினமும் வேலை முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து, “முடிஞ்சுதா? இன்னும் இல்லையா? அசையுறியா, நிக்கிறியா?” என்று தம்பியைக் கிள்ளிக்கொண்டே இருப்பாள்.

இடையில் ஒரு சின்னச் சண்டை. கணவர் தைத்துக் கொண்டுவந்த துணிக் கூரையை மாட்டிப் பார்த்தபோது, அது நடுவில் தொளதொளவென்று தொங்கியது. தம்பி தகடு வேலையைத் தொடங்கும் முன்பே அளவெடுத்துத் தைத்தது. டயர் கடைக்காரர் முன்னிலையில் சைரன் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். “முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க. பொண்டாட்டி காருக்கு மட்டும் டேப்பு நீளுமா?” கணவர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். “அளவு தப்பிடுச்சும்மா” என்று சொல்லிவிட்டு, கூரையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், வெட்டித் திருத்தித் தைத்துவந்தார்.

ராலிக்கு ஒரு வாரம் இருக்கையில், ஞாயிறு காலை, காரை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிவப்பு. பார்த்தவர் கண் கூசியது. தெருவே கூடிவிட்டது. ராலிக்காரர்கள் அனுப்பியிருந்த எண் அட்டைகள் சைரன் கையில் இருந்தன. காந்தத் தகட்டில் அச்சிட்டவை. கதவில் வைத்தால் தானாகவே கவ்விக்கொள்ளும். வலப்பக்கக் கதவில் ஒன்றை வைத்தாள். கவ்வவில்லை. மெல்ல வழுக்கி, அவள் செருப்பின் மேல் விழுந்தது.

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. இடப்பக்கம் போனாள். அங்கேயும் அதே கதை. காரின் மூக்கில் வைத்துப் பார்த்தாள், டக்கென்று கவ்வியது.

“காருக்கு உங்க நம்பர் பிடிக்கல போல!” என்றார் டயர் கடைக்காரர்.

சைரன் சிரிப்பை நிறுத்தினாள். விரலை மடித்துக் கதவைத் தட்டினாள். மூக்கில் தட்டினால் கணீரென்று கேட்டது. கதவில் தட்டினால் மண்சுவரில் தட்டியதுபோல் பொத்தென்றது. கதவின் நடுவிலிருந்து பின்விளிம்பு வரை மேல்பாதி முழுக்க அப்படித்தான். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில், நெளிசலை நிரப்பப் பூசுகிற பட்டி. நசுங்காத கதவுக்கு இவ்வளவு பட்டி எதற்கு? குனிந்து கதவின் பின்விளிம்பு இடுக்கைப் பார்த்தாள். கீழே விரல் நுழைகிற இடைவெளி. மேலே வரவர நகம்கூட நுழையாது.

“டேய்” என்றாள். தம்பி எங்கேயோ பார்த்தான். “ஏறு வண்டில.”

“அக்கா, பெயிண்ட் இன்னும் சரியா காயல...”

“ஏறுடா!”

மூடிய தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சரளைக்கல் பாதை உண்டு. காரை அதில் இறக்கி, ராலியில் எப்படி ஓட்டுவாளோ அப்படி ஓட்டினாள். முதல் பள்ளத்தில் கண்ணாடிச் சட்டம் முனகியது. இரண்டாவதில் எங்கோ அடியில் ‘கடக்’ என்றது. அடுத்த வளைவில் தம்பி பக்கக் கதவு வாய் பிளந்தது. அவன் இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவள் காலைத் தளர்த்தவில்லை.

“அக்கா, நிறுத்து! நிறுத்துக்கா! ரெண்டு பக்கமும் ஒண்ணா அறுத்துட்டேன்!”

நிறுத்தினாள். புழுதி அவர்கள் மேல் வந்து இறங்கியது.

கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக நீளமான இரும்புப் பெட்டி ஓடும். பட்டறையில் அதை ரன்னிங் போர்டு என்பார்கள். இந்தக் காரில் அது இரண்டு பக்கமும் துருவேறிப் போயிருந்தது. தம்பி வழக்கம்போல் முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்து, இரண்டையும் ஒரே மூச்சில் அறுத்து எடுத்தான். வாழ்நாளெல்லாம் கூரை உள்ள வண்டிகளை அறுத்துப் பழகிய கை. அங்கே கீழே அறுத்தாலும் மேலே கூரை தாங்கும். கூரையே இல்லாத காருக்கு அந்த இரண்டு பெட்டிகள்தான் முதுகெலும்பு. அறுத்ததும் கார் நடுவில் தொய்ந்தது. தொய்ந்தபடியே புதுப் பெட்டிகளை வைத்து வெல்டிங்கில் ஒட்டிவிட்டான். அதன்பின் கதவு பொருந்தவில்லை. பொருந்தாத கதவைத் தேய்த்தான், தேய்த்த இடத்தைப் பட்டியால் நிரப்பினான், மேலே சிவப்பு அடித்தான்.

“கதவு வாசல்ல குறுக்க கம்பி வச்சு ஒட்டிட்டு, ஒரு பக்கத்த முடிச்சப்புறம்தானேடா அடுத்த பக்கம் தொடணும்? மலைல வச்சு இது ரெண்டா மடிஞ்சிருந்தா?”

“அறுத்த அன்னிக்கே தெரிஞ்சுடுச்சுக்கா.”

“அப்ப ஏன் சொல்லல?”

தம்பி கதவை விட்டுவிட்டு அவளை நேராகப் பார்த்தான். “உன்கிட்டயா? டீ ஆறிப்போனாலே தெருவைக் கூட்டுவ. இதை நான் எந்த வாயால வந்து சொல்றது?” பிறகு, “மாமா அளந்தது சரிதான். நடுவுல தொய்ஞ்சு, கார்தான் மேல குறைஞ்சுபோச்சு” என்றான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றி ஊர்ந்தபடி ஓட்டினாள். தம்பிக்கு அது திட்டைவிடப் பயமாக இருந்தது.

பட்டறை வாசலில் கணவர் கழுத்தில் டேப்போடு நின்றிருந்தார். அவள் இறங்காமலேயே கேட்டாள்: “உங்களுக்குத் தெரியுமா?”

“கூரை தொங்கினப்பவே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் பழிய வாங்கிக்கிட்டீங்க?”

“மச்சான் மூஞ்சியப் பாத்தேன். எனக்குத் திட்டு பழகிப்போச்சு, அவனுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். ஓட்டிப் பாத்தா உனக்கே தெரிஞ்சுடும்னு நெனச்சேன்.”

“மலைல போய்த் தெரியட்டும்னா? பக்கத்து சீட்ல நீங்கதான உட்காந்திருப்பீங்க?”

“உட்காந்திருப்பேன்தான்.”

“அதுக்குப் பேரு பாசம் இல்ல. வாயத் திறக்கச் சோம்பேறித்தனம்!”

கூட்டம் இன்னும் கலையவில்லை. ஏமாற்றியவர்கள் இருவர் மேலும் அவளுக்கு ஆத்திரம். இருவரும் ஏமாற்றியது தன் வாய்க்குப் பயந்து என்பதில் அதைவிட ஆத்திரம். அதை யார் மேல் காட்டுவது? ஆம்புலன்ஸில் அவள் கத்தினால் வழி கிடைத்தது. இங்கே கத்திக் கத்தி, செய்தி வருகிற வழியை அவளே அடைத்திருக்கிறாள். இந்த நினைப்பும் அவளுக்குக் கோபத்தைத்தான் கொண்டுவந்தது.

“மெதுவா ஓட்டிட்டு வந்துடலாமே சைரன் அக்கா? தொடக்கத்துல நின்னு ஒரு போட்டோவாவது...” என்றார் டயர் கடைக்காரர்.

ஒரு கணம் அவளுக்கும் அந்த ஆசை வந்தது. கோட்டில் நிற்கலாம், மேற்பார்வையாளர் பார்ப்பார், கொடி அசையும். அப்புறம் முதல் சரளைப் பாதையில் கதவு திறக்கும், பக்கத்து இருக்கையில் கணவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். விபத்தில் கிழிந்த எத்தனையோ பேரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவள் அவள். போனை எடுத்து ராலி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். “என் வண்டி வராது. வெட்டினது தப்பு. இல்ல, வேற காரணம் ஒண்ணும் போடாதீங்க, அதையே போடுங்க.” அடுத்த அழைப்பு மேற்பார்வையாளருக்கு. “தம்பி, இந்தத் தடவை நான் ஓட்டல. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க, நாளைக்கு என் முன்னாடி வேணாம்.” அவர் என்ன சொன்னாரோ, கேட்காமல் வைத்துவிட்டாள்.

பிறகு பட்டறைக்குள் போய், வெட்டுகிற மெஷினை எடுத்துவந்து, தம்பியின் கையில் திணித்தாள்.

“பெயிண்ட் போயிடுமே!” என்று டயர் கடைக்காரர் பதறினார்.

“மிச்ச பெயிண்ட் டப்பால இருக்கு. உங்க வாய்க்கு ஒரு கோட்டிங் அடிக்கவா?”

அந்த வாரம் முழுக்க அவள் லீவு போட்டாள். முதலில் தகடு தெரியும்வரை பட்டியைச் சுரண்டினார்கள். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தொய்வைத் தூக்கி, இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே கம்பி வைத்து ஒட்டினார்கள். கணவர் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்து, எண்ணை உரக்கச் சொன்னார். அவள் அதை மறுபடி அளந்தாள். சண்டை போட்டாள். மறுபடி அளந்தாள்.

மற்ற கார்கள் மலையேறிக்கொண்டிருந்த சனிக்கிழமை, தம்பி இடப்பக்கப் பெட்டியை மட்டும் அறுக்க உட்கார்ந்தான். பாதியில் மெஷின் சத்தம் நின்றது. அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுந்து, அவள் முன்னால் வந்து நின்றான்.

“அக்கா, குறுக்குக் கம்பி ஒரு முனைல விட்டுடுச்சு. நான்தான் சரியா ஒட்டல போல.”

அவள் வாய் திறந்தது. அவன் ஏழு தலைமுறையை இழுத்தாள். அது அவளுடைய ஏழு தலைமுறையும்தான் என்பது நடுவில் நினைவுக்கு வந்தும் நிறுத்தவில்லை. எதிர்க்கடையில் டயர் மாற்ற வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கணவர் டேப்பைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். தம்பி நகரவில்லை. மெஷினைக் கையில் பிடித்தபடி, எல்லாவற்றையும் நின்று கேட்டான்.

மூச்சு வாங்க நிறுத்திவிட்டு, “வண்டி எவ்வளவு இறங்கிடுச்சு?” என்று கேட்டாள்.

“இன்னும் இறங்கல. இறங்கறதுக்குள்ளதான் வந்து சொல்றேன்.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் வியர்வையும் சிவப்புத் தூளும். இன்னும் ஒரு வசவு நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அதையும் சொன்னாள். சொல்லிவிட்டுக் குனிந்து, விட்டுப்போன முனையைத் தோளால் முட்டித் தாங்கினாள்.

“ம்... ஒட்டு.”