வலையில் கிடந்த தோட்டா

நேற்று டிவியில், நடுக்கடலில் கடற்படை மடக்கிய படகிலிருந்து எடுத்த துப்பாக்கிகளைக் கப்பல் தளத்தில் பரப்பியிருந்தார்கள். பக்கத்தில் பித்தளைத் தோட்டாக்கள். அந்த மஞ்சளைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டேன்.

இலங்கையில் சண்டை நடந்த காலம். கடற்படை விரட்டியதும் எவனோ கடலில் தள்ளிய ஆயுதப் பெட்டி, எங்கள் ஊர் முட்டத்தில் அப்பாவின் வலையில் ஏறிவிட்டது. அப்பாவும் அவருடைய கூட்டாளி சூசை மாமாவும் பயந்துபோய் அதைத் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மணலில் காய்ந்த வலைக்குள், மீன் செதிலோடு ஒரு தோட்டா கிடந்தது. எட்டு வயது எனக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், "எங்கப்பா வலையில வந்தது, பாத்தியா!" என்று பீற்றிக்கொண்டேன். சாயங்காலமே போலீஸ் வந்து அப்பாவை மட்டும் கொண்டுபோனது. மூன்று நாள் கழித்துத் திரும்பியவருக்கு ஒரு காது கேட்கவில்லை.

"சூசைதான் காட்டிக் குடுத்திருக்கான். வேற யாருக்குத் தெரியும்?" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றேன்.

அப்பா சாகும்வரை சூசை மாமாவோடு பேசவில்லை. அடக்கத்தன்று சூசை மாமா ரோட்டிலேயே நின்றார். நான் உள்ளே கூப்பிடவில்லை. எட்டு வயதில் தெரியாமல் செய்தேன், சரி. ஐம்பது வயதில்?

இன்று காலை போய், தோட்டாவைப் பள்ளிக்கூடத்தில் காட்டியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். வலை பின்னிய கை நின்றது.

"ஏட்டி, உங்கப்பன் இருக்கும்போ சொன்னியா?" என்றார். "இப்ப நான் யாருகிட்ட போய்ப் பேச?"