பிள்ளைப்பேற்று விடுதியில் ஒரு பெட்டி பிளேட்

பிள்ளை பிறப்பிப்பதுதான் மருத்துவிச்சியின் வேலை என்று நினைப்பவர்களுக்கு, பிள்ளை பிறப்பதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே வகைதான்: என்னைப் போலக் கையில் ரேசரோடு நின்றவர்கள், கட்டிலில் கிடந்தபடி அந்த ரேசரைப் பார்த்தவர்கள். இரண்டு பகுதியாரும் வெட்கத்தில் வாயைத் திறப்பதில்லை. நீங்களும் இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். பட்டதைக் கொஞ்சம் பேசி ஆறுவோம்.

சட்டம்

அறுபதுகளின் தொடக்கத்தில், படிப்பு முடித்த கையோடு, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஒரு குடியேற்றத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஓடு போட்ட சின்ன விடுதி, நாலு கட்டில், எடுபிடி வேலைக்குச் செல்லம்மா என்ற அற்றெண்டன், பக்கத்து அறையில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா. போன முதல் நாளே ஐயா ஒரு ரேசரையும் ஒரு பெட்டி பிளேட்டையும் என் மேசையில் வைத்தார். பேற்றுக்கு முன்னால் அந்த ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும், அதுதான் சட்டம் என்றார். எந்த ஏற்பாடு என்று கேட்டேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பெறவருபவளின் அடிவயிற்றுக்குக் கீழே மழிக்கிற வேலை என்று எனக்கு விளங்கிவிட்டது, ஆனால் எப்படிச் செய்வது என்று விளங்கவில்லை. படித்த ஆஸ்பத்திரியில் அதற்கென்று கைதேர்ந்த ஒரு மனுசி இருந்தார். நாங்கள் தட்டை ஏந்திக்கொண்டு நிற்போம். தட்டு ஏந்தத்தான் எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலாவதாக வந்தவர் வட்டக்கச்சியில் நாலு பிள்ளைகளைப் பெற்றுவிட்டு ஐந்தாவதுக்கு வந்தவர். வயலில் நின்ற சேறு காலில் காயவில்லை. நான் சவர்க்காரத்தை நுரைக்கப் பண்ணிக்கொண்டு நின்று யோசித்தேன். முகம் என்றால் ஆண்கள் சவரம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இது முகம் மாதிரியும் இல்லை, முழங்கால் மாதிரியும் இல்லை. எங்கு பார்த்தாலும் மடிப்பு, எங்கு தொட்டாலும் மெல்லிய தோல். மேலிருந்து கீழே இழுப்பதா, கீழிருந்து மேலேயா? பேற்று நோ வரும்போது கையை எடுப்பதா, அப்படியே வைத்திருப்பதா? என் கை கிடுகிடுவென்று ஆடியது. அந்த மனுசி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "பிள்ளை, நீ நடுங்காமல் பிடி. நடுங்கிறதுக்குத்தான் நான் கிடக்கிறன்."

மயில்வாகனத்தாரின் தாடி

விடுதிக்கு முன்னால் ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பூரணம் என்று ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான். இரண்டு பிள்ளைகளை வீட்டில் பெற்று, இரண்டையும் பிறந்த மறுநாளே பறிகொடுத்தவள். இரண்டாவது தரம் காய்ச்சல் பிடித்து அவளும் அருந்தப்பில் பிழைத்தாள். இப்போது மூன்றாவது, மார்கழிக் கணக்கு. இந்தப் பிள்ளை என் விடுதியில் பிறக்க வேண்டும், பிறந்து உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும். வேறெதையும் விட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. மற்றப் பேறுகளை நான் பார்த்ததெல்லாம் வேலை. இது பிடிவாதம்.

பூரணத்துக்கு வர விருப்பம். வீட்டுக்காரர் மயில்வாகனம்தான் இழுத்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் நேரே போய்க் கேட்டேன். நல்ல மனிதர், கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி தரச் சொன்னார். முகத்தில் மட்டும் காடு மாதிரித் தாடி. பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் தலைமயிரோ தாடியோ எடுக்கக்கூடாது, எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு தரமும் இடையில் ஒருக்கால் சவரம் செய்துவிட்டாராம். அதுதான் இப்படி நடந்தது என்று மனதுக்குள் வைத்துத் தன்னையே தின்றுகொண்டிருந்தார். விடுதியில் நாங்கள் செய்யும் ஏற்பாடு யாரோ சொல்லி அவர் காதுக்கு எட்டியிருந்தது. குரலை உயர்த்தாமல், ஊர் வழக்கப்படி மருத்துவிச்சியை மிஸி என்று கூப்பிட்டுக் கேட்டார்: "மிஸி, அஞ்சு மாசமாய் நான் என்ர முகத்தில கத்தி வைக்கேல்லை. நீங்கள் கடைசி நேரத்தில அவவில வைக்கப்போறியளோ?"

டின்னில் வந்த தீர்வு

கத்தி இல்லாத வழி ஏதும் உண்டா என்று வவுனியாவில் வேலை பார்த்த என் தோழிக்குக் கடிதம் எழுதினேன். அவள் ஒரு டின் அனுப்பினாள். மாவு மாதிரி ஒரு பவுடர். தண்ணீரில் குழைத்துப் பூசி, சில நிமிடத்தில் வழித்தால் முடி தானே கழன்று வந்துவிடுமாம். மூடியைத் திறந்ததும் கூழ்முட்டை மணம். அப்போதிக்கரி ஐயா மருந்து அறையில் எலி செத்துக் கிடக்கிறதென்று அலுமாரிகளை இழுத்துத் தேடினார்.

பெறப்போகிறவளில் பூசுவதற்கு முன்னால் என்னில் பூசிப் பார்ப்பதுதானே நியாயம்? முழங்கையில் பூசினேன், ஒன்றும் செய்யவில்லை. முடி மட்டும் அழகாகப் போனது. எனக்குத் துணிவு வந்துவிட்டது. பூசவேண்டிய இடத்திலேயே பூசிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் வந்து கூப்பிட, கழுவிவிட்டு ஓடுவதா, பொறுங்கோ என்று சொல்வதா என்று தடுமாறியதில் நேரம் போய்விட்டது. எரிவு என்றால் அப்படி ஓர் எரிவு. முழங்கைத் தோலும் அந்த இடத்துத் தோலும் ஒன்றல்ல என்பது எந்தப் படிப்பும் இல்லாமலே தெரியவேண்டிய விஷயம். மூன்று நாள் கால்களை அகட்டி வைத்து நடந்தேன். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தந்த செல்லம்மா, சிரிப்பை அடக்கமுடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சொன்னாள்: "மிஸி, உங்களுக்கே இந்தக் கெதியெண்டால் பெறவாறவளின்ர கதை என்ன?"

ஏற்கெனவே முடிந்த வேலை

ஐப்பசியில் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மனைவி வந்தார். இந்தப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் நிற்கும்போது நோ கண்டுவிட்டது. நான் வழக்கம்போலத் தட்டோடு போனேன். செய்ய ஒன்றும் இல்லை. எல்லாம் துப்புரவாக இருந்தது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ரேசரைத் தட்டோடு ஒரு பக்கம் வைத்துவிட்டு, இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று மாணவி மாதிரி நின்று கேட்டேன்.

அவர் வெட்கப்படவே இல்லை. தங்கள் ஆட்களுக்கு இது நகம் வெட்டுவது போல, நாற்பது நாளைக்கு மேல் விடக்கூடாது, தாய் சொல்லிக்கொடுத்தது என்றார். சாம்பல் தொட்டு விரலால் களைபவர்கள் உண்டு. பிளேட் பிடிப்பவர்கள் உண்டு; ஆனால் சுடுதண்ணீரில் குளித்துத் தோல் இளகிய பிறகு, முடி சாய்ந்த பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். தோல் பொறுக்காதவர்கள் கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள். இடையிடையே நோ வந்தபோது மட்டும் பேச்சை நிறுத்தினார். ஒவ்வொருவர் தோலும் ஒவ்வொரு விதம், அவரவர்தான் பார்த்துத் தெரிய வேண்டும் என்று முடித்தார். எனக்கு இருந்த குழப்பம் இரண்டு மடங்கானது. விரலால் களைவது நோகாதா என்று கேட்டேன். அவர் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இப்ப வந்துகொண்டிருக்கிற நோவை வைச்சுக்கொண்டு அந்த நோவையோ கேக்கிறியள் மிஸி?"

கத்தரிக்கோல்

அவர் போன பிறகு வந்த நாலைந்து பேருக்குக் கத்தரிக்கோலால்தான் செய்தேன். கீறல் இல்லை, எரிவு இல்லை, பிறகு முள்ளு முள்ளாக முளைத்து வரும் கடியும் இல்லை. பெரிய கண்டுபிடிப்புச் செய்தவள் மாதிரி வாய்க்காலைத் தாண்டி ஓடிப்போய் மயில்வாகனத்தாரிடம், கத்தியே வைக்க மாட்டேன், கத்தரிக்கோல்தான் என்றேன். அவர் தாடியைத் தடவினார். உள்ளே பூரணம் நிறைவயிற்றோடு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் மன்னிப்புக் கேட்பவர் போலச் சொன்னார்: "வெட்டுறதும் எடுக்கிறதுதானே மிஸி?"

அப்போதிக்கரி ஐயாவின் தீர்ப்பு

இனி ஒரு வழிதான் மிச்சம். ஒன்றுமே செய்யாமல் விடுவது. ஆனால் அது சட்டத்துக்கு மாறு. அப்படி விட்டு, பூரணத்துக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு? செய்தால் அவள் வரமாட்டாள், வீட்டில் பெறுவாள். செய்யாவிட்டால் வருவாள், ஆனால் என்ன நடக்குமோ தெரியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐயாவிடம் போய் முழுவதையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு போட்டார், திரும்பவும் கழற்றினார். சவர்க்காரமும் கொதித்தாறிய தண்ணீரும் கிருமி மருந்தும் நன்றாகப் பாவித்தால் போதும் என்றுதான் தான் நினைப்பதாகவும், ஆனால் தான் நினைப்பது சட்டம் இல்லை என்றும் சொன்னார். அப்படியென்றால் நான் என்ன செய்ய என்று கேட்டேன். ஐயா பழையபடி யன்னல் பக்கம் திரும்பினார். "செய்தாலும் எனக்குச் சொல்லாதேங்கோ, பிள்ளை. செய்யாட்டிலும் எனக்குச் சொல்லாதேங்கோ."

திறப்பு

மார்கழியில் மழை விடாமல் பிடித்தது. குளத்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள், சந்திக்குப் போகும் றோட்டு தண்ணீருக்குள் போய்விட்டது. அப்படியான ஒரு நாள் காலை பத்து மணி போல மாட்டுவண்டி ஒன்று விடுதி வாசலில் நின்றது. மழைக்கு மேலே இழுத்துக் கட்டிய படங்குக்குக் கீழே பூரணம். மயில்வாகனத்தார் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி படியில் நின்றுவிட்டார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூன்றாவது தரமும் வீட்டில் வைத்திருக்க அவருக்குத் துணிவில்லை, உள்ளே விடவும் மனமில்லை. தட்டிலிருந்த ரேசர், பிளேட் பெட்டி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அவர் கண்ணுக்கு முன்னால் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை அவர் கையில் கொடுத்தேன். அவர் பூரணத்தின் கையை விட்டார்.

சவர்க்காரம் போட்டு ஒரு தரம், மருந்துத் தண்ணீரால் ஒரு தரம், மனம் கேளாமல் இன்னும் ஒரு தரம் கழுவினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. இரண்டு மணிக்குப் பிறகு பிள்ளை வந்தது, பெட்டைப்பிள்ளை. வந்த கையோடு வீரிட்டு அழுதது. பூரணமும் அழுதாள், செல்லம்மாவும் அழுதாள். நான் அழ முதல் தொப்புள்கொடியை வெட்டக் கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினேன். தட்டு வெறுமையாக இருந்தது. இருந்த ஒரே கத்தரிக்கோலையும் பூட்டி, திறப்பை வெளியே கொடுத்துவிட்டேன். செல்லம்மா ஓடிப்போய்க் கேட்க, மயில்வாகனத்தார் திறப்பை இறுக்கிப் பொத்திக்கொண்டு எதற்கென்று கேட்டாராம். பிள்ளை உள்ளே கத்திக்கொண்டிருந்தது. கொடி வெட்ட என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாராம். கத்தரிக்கோலைக் கொதிதண்ணீரில் அவித்தெடுத்த பிறகுதான் வெட்டினேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் பூரணத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டும் நம்பாமல் தொட்டுப் பார்த்தேன். ஐயா ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் ஒரு நாளில் நாலு தரம் அந்தப் பக்கமாக நடந்தார். காய்ச்சல் வரவில்லை. ஏழாம் நாள் மழை கொஞ்சம் விட்டது. பிள்ளை பால் குடித்து உறங்கியது, பூரணம் வீட்டுக்குப் போக ஆயத்தமாக இருந்தாள். மயில்வாகனத்தார் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். சந்திச் சலூனுக்குப் போக றோட்டு இன்னும் இல்லை. பொக்கற்றிலிருந்து அலுமாரித் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். கத்தரிக்கோல் எடுத்த கையோடு செல்லம்மா அலுமாரியைப் பூட்டித் திறப்பைத் திரும்பவும் அவரிடமே கொடுத்திருக்கிறாள். அவர் ஏழு நாளும் அதை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்காமல், கட்டில் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "இந்தாங்கோ மிஸி, திறப்பு. அவவுக்கு வைச்சிருந்த பிளேட்டில ஒண்டு எனக்குத் தாங்கோ."

எந்த முறை நல்லது என்று இன்றைக்கும் யாராவது பெண்கள் என்னிடம் இரகசியமாகக் கேட்டால், முதலில் உங்கள் வீட்டுக்காரரின் தாடியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்லி வருகிறேன்.