என் பின் நம்பர் பாளையங்கோட்டையில் இருக்கிறது

போன சனிக்கிழமை ஒரு மிக்ஸி வாங்கினேன். நன்றாகவே ஓடுகிறது, சட்னி வெண்ணெயாக அரைபடுகிறது. ஆனால் இந்த வாரம் சொல்லப்போவது மிக்ஸியைப் பற்றி அல்ல... அதற்குப் பணம் கட்டப்போன இடத்தில் நான் மாட்டிக்கொண்டதைப் பற்றி.

புனேயில் விமான் நகரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு ஆபீஸ் மீட்டிங். (சனிக்கிழமையுமா என்று கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) அதனால் நான் மட்டும் பக்கத்திலிருந்த பெரிய கடைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் அனுமார் வால் மாதிரி வரிசை. ஒருவழியாக என் முறை வந்து கார்டை நீட்டினேன். சின்னத் தொகை என்றால் மெஷினில் கார்டை லேசாகத் தொட்டாலே போதும். மிக்ஸி விலைக்கு அது மசியவில்லை.

"காகூ, பின் டாகா," என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். சித்தி, நம்பரைப் போடுங்கள் என்று மராத்தியில் மரியாதையாகச் சொல்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையிலிருந்து போனை எடுத்து மங்கையைக் கூப்பிட்டேன். மங்கை இருப்பது பாளையங்கோட்டையில்.

"மங்கை, என் நம்பரைச் சொல்லேன்."

"திரும்பவும் மறந்துட்டியாட்டி? சொல்லுதேன், அமுக்கு."

ஒரு கையில் பை, இன்னொரு கையில் மெஷின். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு கவுன்ட்டர் மேலேயே வைத்திருந்தேன். மங்கைக்கு எப்போதுமே கணீர்க் குரல். அதுவும் தூரம் கூடக்கூடச் சத்தத்தையும் கூட்ட வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. என் நம்பரை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிதானமாக, கடை முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னாள். நானும் அமுக்கினேன். ரசீது வந்தது.

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புனேயில் யாருக்குப் புரியப்போகிறது? இந்த ஊரில் நமக்குத் தமிழைவிடப் பெரிய லாக்கர் உண்டா? கடைக்காரர் முகத்துக்கு நேரேயே, "இவன் ஏமாத்துறான், வா போகலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தவர்கள்தானே நாமெல்லாம்!

"ஆன்ட்டி... தப்பா நெனச்சுக்காதீங்க..."

பின்னாலிருந்து தமிழ்! திரும்பினால், கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு சின்னப் பெண்.

"எனக்குத் தமிழ் தெரியுங்க. கோயமுத்தூருங்க. இன்னைக்கே அந்த நம்பரை மாத்திருங்க ஆன்ட்டி. நான் வேணும்னு கேக்கலீங்க... ஆனா எனக்கு ஒருக்கா கேட்டா நம்பரெல்லாம் மனசுல ஒட்டிக்குமுங்க."

என்ன ஒரு நேர்மை! மாற்றிவிடுகிறேன் என்று தலையை ஆட்டினேன்.

கவுன்ட்டர் மேலிருந்த போனில் மங்கை இன்னும் போகவில்லை. "யாருட்டி அது? நம்ம பக்கத்துப் பிள்ள மாதிரி பேசுது? எந்த ஊருன்னு கேளு!" என்றாள். அவசரமாகப் போனை அணைத்தேன்.

சரி, என் பின் நம்பர் பாளையங்கோட்டைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு மங்கையைக் கொஞ்சம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு — நானும் அவளும் புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஒரே செக்‌ஷனில் குமாஸ்தாக்கள். நான் திருச்சிக்காரி, அவள் திருநெல்வேலிக்காரி. பக்கத்துப் பக்கத்து மேஜை. சம்பளம் வருகிற பாங்கிலிருந்து எங்களுக்கெல்லாம் முதன்முதலாகக் கார்டு கொடுத்தபோது, அங்கிருந்து ஒருவர் வந்து பாடம் நடத்திவிட்டுப் போனார். நம்பரை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். மங்கை பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, எழுதக் கூடாதுன்னா மனுசங்ககிட்டதான வைக்கணும்? உன் நம்பர நான் வச்சுக்கிடுதேன். என் நம்பர நீ வச்சுக்கோ."

"அவர் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரேடி!"

"நான் என்ன யாரோவா?"

அவளிடம் இன்னொரு வாதமும் இருந்தது. "கார்டு ஒருத்திகிட்ட, நம்பர் இன்னொருத்திகிட்ட. கள்ளப்பய ரெண்டு பேரையும் சேத்துல்லா களவாங்கணும்!"

பல வருஷம் கழித்து என் மகள் இதைக் கேட்டுவிட்டு, "அம்மா, எங்க கம்பெனியில கம்ப்யூட்டர் பாதுகாப்புன்னு இதையே காசு வாங்கிக்கிட்டு செஞ்சு கொடுக்கறோம்," என்றாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்கள் வீட்டுக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆக, எங்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கடைக்குப் போகிற வழக்கமே இல்லாமல் போயிற்று. போனாலும் கார்டு வேலை செய்யாதே! சம்பளம் வந்த கையோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து நிகடி கடைத்தெரு வரை போவோம். நான் கவுன்ட்டரில் நின்றுகொண்டு "மங்கை, நம்பர்!" என்று குரல் கொடுப்பேன். புடவைக் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து நம்பர் பறந்து வரும். கூடவே, "அந்தப் பச்சை ஒனக்கு எடுக்காதுட்டி, வச்சுட்டு வா!" என்பதும் வரும். புரியாத கடைக்காரர் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்வார். பணம் கட்டிய பிறகு புடவையை மாற்றியதெல்லாம் உண்டு.

அப்புறம் ரிட்டயர் ஆனோம். மங்கையின் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் வீடு கட்டி முடித்திருந்தார். மகனுக்கும் அங்கேயே காலேஜில் வேலை. கிளம்பிவிட்டார்கள். புனே ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். எவ்வளவோ பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எடுத்துக்கொண்டாயா என்று மட்டும் கேட்டேன். வண்டி கிளம்பப்போகிற நேரத்தில் மங்கை குனிந்து என் நம்பரைச் சொன்னாள். நான் அவள் நம்பரைச் சொன்னேன். அவரவர் நம்பரை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வண்டி நகர்ந்துவிட்டது.

நில்லுங்கள்... அன்றைக்கே நம்பரைத் திருப்பி வாங்கிவிட்டாய் என்றால், போன சனிக்கிழமை கடையில் நின்றுகொண்டு எதற்குப் போன் போட்டாய்? — இப்படித்தானே கேட்கிறீர்கள்?

பிடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த நம்பர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

மங்கையைச் சும்மா கூப்பிட்டுப் பேச எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் தலைமுறைக்குப் போன் என்றால் ஒரு காரணம் வேண்டும். பிறப்பு, இறப்பு, கல்யாணம், ரயில் லேட்... இப்படி ஏதாவது. காரணமில்லாமல் போன் அடித்தால் எடுக்கிறவருக்கு நெஞ்சு படபடக்கும். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று சொல்ல வெட்கமாக இருக்கும். மகள் தன் சிநேகிதியோடு மணிக்கணக்கில் பேசுகிறாள். என்னடி விஷயம் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறாள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உன் நினைப்பாகவே இருக்கிறதடி என்று நான் மங்கையிடம் எப்படிச் சொல்ல முடியும்? என் நம்பர் என்ன என்றுதான் கேட்க முடியும். கேட்டேன். பருப்பு வாங்கும்போது கேட்டேன், மருந்துக் கடையில் கேட்டேன், கார்டைத் தொட்டாலே போதும் என்கிற இடத்திலும் கேட்டேன்.

அந்தக் கோயமுத்தூர்ப் பெண் இதற்குத்தான் வேட்டு வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரிதான். மறுநாளே தேஹு ரோடு ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற ஏ.டி.எம்.முக்குப் போனேன். புது நம்பர் கேட்டது, போட்டேன். இன்னொரு தடவை கேட்டது, போட்டேன். மாற்றம் முடிந்தது என்று திரையில் வந்தது. வெளியே வந்து படியில் நின்றபோது, ரொம்ப நாள் குடியிருந்த வீட்டுச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. இனிமேல் என் நம்பர் மங்கைக்குத் தெரியாது. இனிமேல் அவளிடம் எதைக் கேட்பேன்?

அதற்கப்புறம் நாலைந்து நாள் போனைப் பார்ப்பதும் வைப்பதுமாகப் போயிற்று. புது மிக்ஸியில் அரைத்த சட்னியில் இரண்டு நாள் உப்பே போடவில்லை. வீட்டுக்காரர் மூன்றாம் நாள்தான் அதைச் சொன்னார். அவர் அப்படித்தான்.

நேற்று முன்தினம் போன் அடித்தது. மங்கை!

"ஏட்டி ஜெயா, கடையில நிக்கேன். என் நம்பர் என்னட்டி? மறந்துபோச்சு."

அவளுடைய கார்டுதான் எப்போதோ காலாவதியாகிவிட்டதே! அவள் மகனே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறான் — "பழைய கார்டை வெட்டிப் போட்டாச்சு அத்தை. இப்ப எல்லாம் என் போன்லதான். அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்ல." நான் இதைத் தெரிந்துகொண்டிருப்பது மங்கைக்குத் தெரியாது.

"சொல்றேன்டி," என்றேன். "ஏழு..."

"ஏட்டி, ஏட்டி, நிறுத்து! இங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும்லா? மராத்தில சொல்லு!"

கார்டே இல்லாத நம்பருக்கு என்ன ஒரு பாதுகாப்பு! அது செத்துப்போன நம்பர் என்பதால் தைரியமாக இங்கே எழுதுகிறேன்.

"சாத்... தோன்... நவூ... சஹா."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"இன்னொருக்கா சொல்லுட்டி."

சொன்னேன், முன்னைவிட மெதுவாக.

"இந்தப் பாஷையக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!" என்றாள். குரல் வழக்கமான மங்கையின் குரலாக இல்லை. "அங்கன இருக்கப்ப ஊரு ஊருன்னு அடிச்சுக்கிட்டேன். இங்க வந்தா, உன் தமிழே இந்தி மாதிரி இருக்குன்னு சிரிக்காவ. காய்காரிகிட்ட எம்புட்டுன்னு கேக்கப் போயி, 'கிதி?'ன்னு கேட்டுப்புடுதேன்." பிறகு கேட்டாள். "நீ ஏன்ட்டி இந்த வாரம் நம்பர் கேக்கல? ஒடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்."

"மாத்திட்டேன்டி. அந்தப் பொண்ணு சொன்னாள்ல..."

"அதான பாத்தேன். டிப்போவுல அத்தன பேரு டோக்கன் நம்பரும் மனப்பாடமா சொல்லுவ. ஒனக்கு ஒன் நம்பர் மறக்குமாட்டி?"

ஆக, அவளுக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே ஒவ்வொரு தடவையும், முதல் தடவை சொல்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் நான் துடைத்ததும் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

"சரி, புது நம்பர் என்ன? சொல்லு, வச்சுக்கிடுதேன்."

"போன்ல சொல்லக் கூடாதுடி. பாங்குல கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க."

மங்கை யோசித்தாள். விதியை மீறாமல் விதிக்குள்ளேயே வழி கண்டுபிடிக்க அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்?

"அப்ப நேர்ல வந்து சொல்லு," என்றாள்.

புனே வழியாகப் போகிற நாகர்கோவில் ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன். நல்லவேளை, லோயர் பெர்த்தே கிடைத்தது. என்ன இது, திடுதிப்பென்று பாளையங்கோட்டைக்கு என்று வீட்டுக்காரர் கேட்டார்.

பாதுகாப்புக் காரணங்களுக்காக என்று சொல்லியிருக்கிறேன்.