சாமியறை இருந்த இடம்

போன கிழமை பக்கத்து வளவில் மதில் கட்டச் சீமெந்து குழைத்தார்கள். அந்த ஈர மணம் யன்னலால் வந்ததும் தேத்தண்ணியை மறந்து மனதால் காங்கேசன்துறைக்குப் போய்விட்டேன். சிலருக்கு மல்லிகைப்பூ மணத்தில் பழைய காதல் ஞாபகம் வருமாம். எனக்குச் சீமெந்து.

அப்போது சுன்னாகத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை. கலியாணவீடு, சாமத்தியவீடு என்று ஊரையெல்லாம் சிரிக்கச் சொல்லியே என் வாய் நொந்துபோகும். லீவு நாளில், சிரிக்கத் தேவையில்லாதவற்றைத் தேடி மோட்டார் சைக்கிளில் வடக்கே போவேன். பாழடைந்த சீமெந்து ஆலை, சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்களில் தேங்கிய பச்சைத் தண்ணீர், துருப்பிடித்த இரும்புத் தூண்கள். முதலாளி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "உதை ஆரடாப்பா வாங்குவினம்? பொம்பிளை எங்கை?" என்பார். நியாயமான கேள்விதான்.

என் படத்தில் ஆள் விழக்கூடாது. மாடு குறுக்கே வந்தாலும் போகும்வரை காத்திருப்பேன். அவ்வளவு பெரிய கலைஞன்!

ஆமி விட்டுப்போன காணிகளுக்குள் ஒருநாள், ஆலையைப் பார்த்தபடி கமராவோடு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பற்றைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"தம்பி, செருப்பு! செருப்பைக் கழட்டுங்கோ. அது சாமியறை."

குனிந்து பார்த்தேன். காலடியில் சிவப்புச் சீமெந்து நிலம். சுவருமில்லை, கூரையுமில்லை. கழற்றினேன். வெயிலில் நிலம் சுட்டது.

தும்புத்தடியோடு வந்தவர் தவமணியக்கா. வீடு போய்விட்டாலும் வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து நிலத்தைக் கூட்டிவிட்டுப் போவாராம். கமராவைக் கண்டதும் அவருக்கு யோசனை வந்துவிட்டது.

"அண்ணை கனடாவிலை. காணியை வித்துப்போடுவம் எண்டு நிக்கிறார். வீட்டை வடிவா எடுத்துத் தாங்கோ தம்பி. பாத்தால் விக்க மனம் வராது."

எந்த வீட்டை என்று நான் கேட்கமுதல் அவரே நடந்து காட்டினார். "இது விறாந்தை. இது குசினி. இதிலை நிக்கிறன், எடுங்கோ." வாசல் இருந்த இடங்களால்தான் போனார், சுவர் நின்ற இடத்தை ஒருக்காலும் கடக்கவில்லை. நானும் பின்னால் சுற்றிச் சுற்றி நடந்தேன். அன்று எடுத்த எல்லாப் படத்திலும் ஓர் ஆள் நின்றார்.

படங்கள் போன அன்றே அண்ணர் ரெலிபோனில் சண்டைக்கு வந்துவிட்டாராம். "தவம், அடுப்பு மற்றப் பக்கமெல்லோ! நீ சுவருக்கை நிக்கிறாய்." அடுப்பு எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் ஒரு மாதம் பிடுங்குப்பட்டார்கள். அதற்குப் பிறகு விற்கிற கதையே இல்லை. எனக்கு அந்தச் செய்தி கேட்டு உண்மையாகவே சந்தோசம்.

போன கிழமை, சீமெந்து மணம் இழுத்தபடியால் அன்று பின்னேரமே போய்ப் பார்த்தேன். பற்றையில்லை. நான் ஆளில்லாமல் படம் எடுத்த வெளியெல்லாம் மதில்களுக்குள் போய்விட்டது. அக்காவின் வளவில் கனடாவிலிருந்து வந்த பிளானின்படி மேல்மாடி வீடு. சாமியறை மாடியில். அது முன்பு இருந்த இடத்தில் இப்போது கூரை போட்டு மாபிள் பதித்துக் கார் விடுகிறார்கள்.

என்னைக் கூட்டிப்போகக் கேற்றடிக்கு வந்த தவமணியக்கா, கார் நின்ற இடம் வந்ததும் கதையை நிறுத்தாமலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். அதைக் கடந்த பிறகு திரும்பப் போட்டுக்கொண்டார்.

நானும் கழற்றினேன். இந்த முறை நிலம் சுடவில்லை.