நூல் உத்தரவும் அமெரிக்காக் கோர்ட்டும்

யுத்த காலத்தில் நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, அம்மாபேட்டையில் பாதித் தறிகள் நின்றுவிட்டன. தெருக்காரர்கள் பாவடித் திடலில் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடும்போது நான் பேப்பர் படித்துச் சொல்வேன். அமெரிக்காவில், ஜனங்கள் ஓட்டுப் போட்டு வைத்த ஜனாதிபதியின் சட்டத்தைக்கூடக் கோர்ட்டு செல்லாதென்று தள்ளிவிடலாம் என்று ஒருநாள் விளக்கினேன். மறுநாள் காலை, நூல் உத்தரவைத் தள்ளச் சொல்லித் தெருவே ஜில்லாக் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டது.

குமாஸ்தா வாசலிலேயே மறித்தான். “உத்தரவு போட்டது சர்க்கார். ஜட்ஜை வைத்ததும் அதே சர்க்கார். போய் வேலையைப் பாருங்கய்யா.”

எந்த வேலையை?

திரும்பும் வழியில் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கேட்டார்: “அப்ப அந்த அமெரிக்காக் கோர்ட்டுக்கே ஒரு மனுப் போட்டுப் பாக்கலாமுங்களா?”

அவர் கேலிக்குக் கேட்கவில்லை.