அரண்மனைக்கு ஏழு சீட்டு

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க ஆசை. நாங்கள் இருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து பஸ்ஸில் ரெண்டு மணி நேரம்தான். ஆனால் எங்கள் வீட்டில் பிள்ளையார் சம்மதம் இல்லாமல் வெளியூர் போவதில்லை. ஏழு கிழமைகளையும் ஏழு சீட்டில் எழுதி, அவர் படத்துக்கு முன்னால் குலுக்கி ஒன்றை எடுத்தேன். திங்கள் வந்தது. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்று அப்புறம்தான் தெரிந்தது.

"போக வேண்டாம்னு சொல்றார்," என்றேன்.

"உங்களுக்கு எழுதத் தெரியலைன்னு சொல்றார். இந்தத் தடவை நான் எழுதறேன்," என்றாள்.

சனிக்கிழமை அவள் எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுத்தேன். ஞாயிறு. பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மிச்சத்தைப் பொறுக்கும்போது ஒரு சீட்டு பிரிந்தது. அதுவும் ஞாயிறு. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். ஏழும் ஞாயிறு.

"அவருக்கு எதுக்கு வீண் சிரமம்," என்றாள், புளியோதரைக்குப் புளியை ஊறப்போட்டபடி.

சுவாமி முன்னால் எடுத்த சீட்டை மீற எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் போகும் வழியில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் ரெண்டு தேங்காய் உடைத்தேன். ஒன்று பயணத்துக்கு, இன்னொன்று அவள் சார்பில் மன்னிப்புக்கு. அவள் மூன்றாவதாக ஒன்று வாங்கி உடைத்தாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க திங்கட்கிழமைச் சீட்டு எழுதினதுக்கு," என்றாள்.